ஓசிக்கடையும் கொள்ளைக்கடையும்

“எதிர்க்கடை இலவச சாஃப்ட்வேர்ல அடிச்ச ஃபைலை இங்க திறந்தா இப்படித்தான்மா குதறி வைக்கும்!” கம்ப்யூட்டர் சென்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பயோடேட்டாவில் அவள் போட்டோ இரண்டாம் பக்கத்துக்கு ஓடியிருந்தது. அனுபவம் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருந்தது.

“அந்த அக்கா பாதி ரேட்னு சொன்னாங்களே, சார்...”

“ஏன் சொல்ல மாட்டா? சாஃப்ட்வேருக்குப் பைசா கொடுக்காதவ! நான் மாசாமாசம் சந்தா கட்டறேன். ஆஸ்பத்திரி கேக்கற ஃபைல் என்கிட்டதான் ஒழுங்கா வரும்.”

மணி நாலரை. ஐந்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிடும். தெருவைத் தாண்டி ஓடினாள்.

“இங்க பாருங்க, அச்சு மாதிரி நிக்குது!” என்றாள் எதிர்க்கடைக்காரி. “அந்த ஆள் சந்தா கட்டறது யார் காசுல? உங்க காசுலதானே?”

“ஓசிக்கடை!” என்று அங்கிருந்து குரல் வந்தது.

“கொள்ளைக்கடை!” என்று இங்கிருந்து பதில் பறந்தது.

எதிர்க்கடைக்காரி மறுபடி சேவ் செய்து கொடுத்ததை சென்டர்காரரிடம் திறந்தால், இப்போது போட்டோவையே காணோம்.

நர்ஸ் நடுத்தெருவுக்கு வந்து கத்தினாள். “உங்க ரெண்டு பேர் சண்டையில என் வேலை போகுது! ஆறு மாசமா வீட்டுல சும்மா கிடக்கேன்!”



எதிர்க்கடைக்காரி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். “நான் வாசிக்கறேன். நீங்க டைப் பண்ணுங்க, சார்.”

அவள் மூச்சுவிடாமல் வாசிக்க, அவர் விரல்கள் பறந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்று திரை சொன்னது.

நர்ஸ் நின்ற இடத்திலேயே குதித்தாள். இரண்டு கடைக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, தரையில் கால் பாவாமல் பஸ் ஸ்டாப் வரை போனாள். அங்கே மனசு கேட்கவில்லை. எவ்வளவு நல்லவர்கள்! எதற்கு இந்தப் பகை? இன்றைக்கே சேர்த்து வைத்துவிட வேண்டியதுதான்.

மூன்று காபி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

எதிர்க்கடை பூட்டியிருந்தது. சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அந்த அக்காவின் குரல்.

“ஏங்க, வீட்டுக்குக் கிளம்பலாமா? நாளைக்கு என்னை இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க. இன்னிக்கு ஒரே ஒருத்திதான் ரெண்டு கடையிலயும் காசு கொடுத்தா!”