ஒட்டுப் போட்ட நாற்காலி

பந்தலுக்கும் நாற்காலிக்கும் மூவாயிரத்து இருநூறு ரூபாய் வாடகை பாக்கி. தன் வெல்டிங் பட்டறைத் திறப்புக்கு வந்து பிரியாணி தின்றுவிட்டுப் போன நாற்பது மேஸ்திரிகளையும் ஞானமுத்து வரிசையாகப் போனில் கூப்பிட்டான். “பாக்கலாம் தம்பி” என்றார்களே தவிர, ஒருவரும் வேலை தரவில்லை. பந்தல்காரர் அபுபக்கர் கூப்பிட்டால் மட்டும் எடுக்காமல் விட்டான். நான்காம் நாள் அவரே ஓர் இரும்பு நாற்காலியோடு வந்து நின்றார். விருந்தன்று கால் ஒடிந்து, அவன் சொல்லாமல் பற்றவைத்துத் திருப்பி அனுப்பியது.

“இத ஒட்டுனது நீதானா?”

“தெரியாம ஒடிஞ்சிருச்சு பாய்...”

அவர் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்.

“குடோன்ல இருநூறு நாற்காலி கால் ஒடிஞ்சு கெடக்கு. அதுக்குத்தான்யா போன் மேல போன் போட்டேன். பாக்கியக் கூலியில கழிச்சுக்கலாம்.”

ஞானமுத்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.