பழைய சிஸ்டமே போதும்

“இன்னிக்கு மாத்திடறேம்மா,” என்று சொல்லிவிட்டு, மாமனார் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகள் வாயில் இருந்த தேநீரை விழுங்க மறந்தாள்.

அவர் மாற்றப் போவது தம் கணினியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை. அதுவும் அவளுக்காக.

மணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஏழு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். புதிதாக வந்திருக்கும் கார்ப் பந்தய கேம் பழைய சிஸ்டத்தில் ஓடாது. மாற்றிக்கொள்ளலாமா மாமா, என்று கேட்டிருந்தாள்.

கூடவே கூடாது என்றுவிட்டார். அவர் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர். இருபது ஆண்டு வரைபடங்களும், அவற்றைத் திறக்கும் அந்தக் காலத்து மென்பொருளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. சிஸ்டத்தை மாற்றப்போய் அது திறக்காமல் அடம்பிடித்தால் தொழிலே படுத்துவிடும் என்றார். நியாயமான பயம்தான்.

“சரி மாமா,” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம்.

அவர் ஒரு கட்டட வேலையாக இரண்டு நாள் வெளியூர் போனபோது, வரைபடங்களையெல்லாம் மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்துவிட்டு, சிஸ்டத்தை மாற்றியே விட்டாள். அவருடைய மென்பொருள் முனகாமல் திறந்தது. ஒரு வரைபடத்தை அச்சிட்டு, சுவர்க்கோடு ஒவ்வொன்றின்மீதும் அளவுகோலை வைத்துப் பார்த்தாள், மயிரிழைகூடப் பிசகவில்லை. அதன்பிறகு பழைய பின்னணிப் படம், பழைய வரிசையில் சின்னங்கள், மூலையில் பழைய பொத்தான் என்று, புதியதற்குப் பழையதன் வேடத்தைக் கட்டிவிட்டாள்.

அது நடந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

பரிசோதனைக் கூடத்தில் காலை முழுவதும் ரத்தம் எடுத்து ஓய்ந்து வருகிறவளுக்கு, மாமனார் நடைப்பயிற்சிக்குப் போகும் அந்த மாலை முக்கால் மணி நேரம்தான் சொர்க்கம். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், ஒலியை அடைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவாள். அவர் செருப்புச் சத்தம் படியேறும்போது பந்தயம் முடிந்திருக்கும்.

கால் அங்குலம் கோணிய சுவரைத் தெருவில் நின்றே சொல்லிவிடுகிற மனிதர், தம் மூக்குக்கு நேரே நடந்த இதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாதது மட்டுமா, சாப்பிட உட்காரும்போதெல்லாம் பழைய சிஸ்டத்தின் புகழ் பாடினார்.

“நேத்துப் பொறந்ததெல்லாம் இதுகிட்ட நிக்குமா? வயசாக ஆக வேகம் கூடுதும்மா இதுக்கு, என்னை மாதிரி.”

“ஆமா மாமா,” என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டுகையில் குற்ற உணர்ச்சியும் சிரிப்பும் சேர்ந்தே அவளுக்கு வரும்.

இப்போது சிரிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

மாற்றத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே புதிய சிஸ்டத்தின் பெயரும், அதைப் போட்ட தேதியும் பளிச்சென்று நிற்கும். திட்டினால் தாங்கிக்கொள்வாள். ஆனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர், நாளைமுதல் அதைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால்?

அத்தை வேறு, நேரம் தெரியாமல் சந்தோஷப்பட்டாள். “கட்டிக்கிட்ட புதுசுல என்னையே அந்த ரூமுக்குள்ள விடல மனுஷன். உனக்காக மெஷினையே மாத்தறார். கொடுத்து வச்சவடி நீ!”

மருமகள் மூடிய கதவையே பார்த்தாள்.

மூன்று முறை எழுந்து மூன்று முறை உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. பிடிபடுவதைவிடத் தானே ஒப்புக்கொள்வது மேல் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அறை வாசலுக்குப் போய்க் கையை ஓங்கினாள்.

தட்டுவதற்குள் கதவு திறந்தது.

“முடிஞ்சதும்மா,” என்றார் மாமனார், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி. “முதுகு ஒடிஞ்சுபோச்சு. பழசைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு. பரவாயில்ல, உனக்காகப் பொறுத்துக்கறேன்.”

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் கட்டிவிட்ட வேடம் முழுவதும் கலைக்கப்பட்டு, திரை புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் தேதியைப் பார்த்திருக்கிறார். பார்த்தும், அவள் மானத்தைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வேர்க்காத கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

அவளுக்குக் கண் கலங்கியது. “மாமா, நான் ஒண்ணு சொல்லணும்...”

“எல்லாம் அப்புறம். முதல்ல அந்த கேமைக் காட்டு. எப்படி இருக்கும்னு நானும் பாக்கறேன்.”

இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பொத்தான் வேகம், எந்தப் பொத்தான் பிரேக் என்று அவள் சொல்லச் சொல்ல, பள்ளியில் சேர்ந்த பிள்ளைபோல் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றை இரண்டு தடவை கேட்டார்.

பந்தயம் தொடங்கியது.

மூன்றாம் வளைவில் அருவி வந்தது. யாராக இருந்தாலும் அங்கே வேகத்தைக் குறைத்து, சாலையோடு இடப்பக்கம் ஒதுங்குவார்கள். அருவிக்குப் பின்னால் ஒரு குறுக்குவழி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கே பதினேழு நாள் பிடித்தது.

மாமனாரின் கார் ஒதுங்கவில்லை. முழு வேகத்தில், நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்தது.

“இந்த எடத்துல பிரேக்கைத் தொட்டா மட்டும் வேலைக்காகாதும்மா,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.