குழாயின் கீழ்முனை

நுண்ணோக்கியின் ஒளிவட்டத்தில் ஒரு விந்தணுகூட அசைவதாக இல்லை. ஆய்வகக்காரியின் கால்தான் மேசைக்கடியில் ஓயாமல் ஆடுகிறது. காலையில் செத்துப்போன இளம் பொலிகாளையின் விதைக்கொட்டை, பனிக்கட்டித் தட்டில் கிடக்கிறது. அதன்மேல் சுருண்டு ஒட்டியிருக்கிறது மெல்லிய குழாய். பனி உருகித் தரையில் சொட்டுகிறது. மின்விசிறி கரகரவென்று உயிரை எடுக்கிறது. வாசலில் காளையை வளர்த்தவர் வெறும் மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி சுற்றுகிறார். “அவன் பேரச் சொல்ல ஒரு கன்னுகூட இல்லம்மா. எல்லாமே செத்துப்போச்சா?” அவள் தட்டைத் திருப்பிப் பார்க்கிறாள், நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். “அவசரத்துல மேல்முனைய வெட்டிட்டேண்ணே. அங்க இருக்கறதெல்லாம் பிஞ்சு, நீந்தத் தெரியாது. இந்தக் குழாய் நெடுக வரணும், வழியில ஊறுற புரதம் மேல ஒட்டணும், அப்பதான் தெம்பு வரும், பசுவுக்குச் சினை பிடிக்கும்.” கத்தி கீழ்முனையைக் கீறுகிறது. பால்போல் ஒரு துளி. அதில் வெதுவெதுப்பான கரைசல் ஒரு சொட்டு. மேலே கண்ணாடிச் சில்லு. நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிராமலே இருக்கிறாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுபோகிறது. பிறகு எழுந்து அவருக்கு இடம் விடுகிறாள். அவர் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்க்கிறார். வட்டம் முழுக்கக் கொதிக்கிறது. முட்டுவதும் திமிறுவதும் விளிம்பைத் தாண்டி ஓடுவதுமாக. “அவனேதான்! ஒரு எடத்துல நிக்க மாட்டான்,” என்கிறார். கண்ணை எடுக்காமலே, கையிலிருக்கும் வெறும் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்.