நான்கு வீட்டுக்கு ஒரு லைன்

ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மூச்சுச் சத்தம் போய்விடக் கூடாது.

லைனில் பேசுவது அவள் புருஷன். கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டு மார்ஜரி.

1955-இல் அயோவாவின் அந்தத் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு டெலிபோன் லைன். இரண்டு நீள மணி அடித்தால் இவர்களுக்கு. ஒரு நீளம், ஒரு குட்டை என்றால் மார்ஜரிக்கு. யாருக்கு வந்தாலும் நான்கு வீட்டிலும் அடிக்கும், யார் எடுத்தாலும் கேட்கும். எடுக்காமல் இருப்பது மரியாதை. அந்த மரியாதையைத் தெருவில் ஒருவரும் காப்பாற்றியதில்லை. மார்ஜரி துளிகூடக் காப்பாற்றியதில்லை.

இவள் மட்டும்தான் இத்தனை நாள் எடுக்காமல் இருந்தாள்.

இன்று ஒரு நீளம், ஒரு குட்டை. சும்மா கை பட்டுவிட்டது என்று சொல்லலாம். பொய். அவர்தான் பேசுவார் என்று நினைத்தே எடுத்தாள்.

மார்ஜரி அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடித்துக் கொடுப்பவள். வாரத்தில் மூன்று சாயங்காலம் காகிதக் கட்டோடு அங்கே போவார். டைப்ரைட்டர் சத்தம் இவள் அடுப்படி வரை வரும். வந்துகொண்டிருந்தால் பரவாயில்லை. நின்றால்தான் வயிறு எரியும். நின்றால் பேசுகிறார்கள்.

தணிகாசலம் என்ற பெயரைக் கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இவள் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். மார்ஜரி முதல் நாளே அதை டானி ஆக்கிவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டானி, டானி என்று கூப்பிடுவாள். என்ன கொழுப்பு. அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது லைனில், இனி டைப் அடிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இரண்டு வருஷத்து மக்காச்சோளச் சோதனை எதற்கும் உதவாதாம். வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டியதுதானாம்.

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

அந்தக் குரலை இவள் கேட்டதே இல்லை. அவருடைய அப்பா இறந்துபோனதாகத் தந்தி வந்த அன்றுகூட.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, வாய் வரவில்லை என்றார். சொல்லிவிடு டானி, அவள் தாங்குவாள் என்றாள் மார்ஜரி.

இவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

பட்டம் போனால் போகட்டும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த அழுகை இவளுடையது. அதைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொட்டிவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வந்தார். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினார். தட்டைப் போட்டாள். தக்காளி ரசம் ஊற்றினாள். காத்திருந்தாள். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால், ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. மார்ஜரி சாப்பிட்ட மிச்சத்தைக் கேட்டு வாங்குவது போல ஆகிவிடும். செத்தாலும் மாட்டாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு நீள மணி. தினமும் சாப்பாட்டு வேளையில் கூப்பிடுவார்.

சாப்பிட்டாயா என்றார். ஆச்சு என்றாள்.

கிளிக்.

அவர் குரல் மெலிந்தது. இன்னொரு வீட்டில் ரிசீவரை எடுத்தால் அப்படித்தான் மெலியும். மார்ஜரிதான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனாலும் வந்துவிடுவாள். கேட்க இனிமையாக இருக்கிறதாம். வேலியோரம் நின்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல், இவளிடமே சொல்லியிருக்கிறாள்.

இனிமையாகவா இருக்கிறது? நன்றாகக் கேட்டுக்கொள்.

"இந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் அவர்.

இவள் சிரித்தாள்.

கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. அவர் காதோடு ஏதோ சொல்லிவிட்டது போல, போங்க என்று ஓர் இழுப்பு இழுத்து, மறுபடியும் சிரித்தாள். மார்ஜரிக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் இது புரியும்.



அப்போதுதான், ஒண்ணு சொல்லணும் என்று அவர் சொன்னது இவளுக்கு உறைத்தது.

"நீ இப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தனை நாளாச்சு," என்றார்.

என்னமோ சொல்ல வந்தீர்களே என்று அவசரமாகக் கேட்டாள். ஒன்றுமில்லை, கடைப்பக்கம் போகிறேன், முட்டைக்கோஸ் வாங்கி வரட்டுமா என்றார். சரி என்றாள். வைத்துவிட்டார்.

மார்ஜரி வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

டானி சொல்லிவிட்டாரா என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று எவ்வளவு பயந்தார் தெரியுமா, நீ சிரித்ததைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது என்றாள். அவள் குரலில் அழுகை இருந்தது. நடிப்பில்லை.

இல்லை, சொல்லவில்லை, நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் அதைச் சொல்ல இவளுக்கு வேறு யாரும் இல்லை.

அதனால்தான் வாய் வரவில்லை.

"சொல்லிட்டார்," என்றாள், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே."