கடிவாளத்தைக் கொடுத்தவர்

ஸ்காட்லாந்தின் வடக்கு மலையில் குதிரைக்காரன் மகன் லாக்லன் பிரபு ஆகிவிட்டான். போரில் ராஜாவின் குதிரை செத்து விழுந்தபோது, வேறொரு குதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்து அவரைக் காப்பாற்றினான். அதற்குப் பரிசாக, அதே போரில் இறந்துபோன ஒரு பிரபுவின் கோட்டை அவனுக்குக் கிடைத்தது.

கோட்டைக்கு வந்தவனை வாசலிலேயே எதிர்கொண்டாள், அந்தப் பிரபுவின் மனைவி மார்சலி.

"ராஜாவுக்குக் கொடுத்தீர்களே, அந்தக் குதிரை யாருடையது?"

"உங்கள் கணவருடையது."

"அப்போது அவருக்கு உயிர் இருந்ததா?"

"இருந்தது. காயத்தோடு கிடந்தார். 'ராஜாவிடம் கொண்டு போ' என்று கடிவாளத்தை என் கையில் கொடுத்ததே அவர்தான்."

"இதை ராஜாவிடம் சொன்னீர்களா?"

லாக்லன் கோட்டையை அண்ணாந்து பார்த்தான். உள்ளேயிருந்து அவனுக்கான விருந்தின் மணம் வந்தது.

"சேணத்தை அவிழ்க்காதே, ராஜாவிடம் திரும்பிப் போகிறோம்" என்றான் சேவகனிடம்.

மார்சலி தன் குதிரையையும் கொண்டுவரச் சொன்னாள்.