நைனா வெளியே போகணும்!

கவரைப்பேட்டை தொழிற்சாலையில் பாதுகாப்பு வகுப்பெடுக்கத் தென்காசியிலிருந்து வந்திருந்த ராமபத்ரன், கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும். முதுகுக்குப் பின்னால் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

“இன்னா நைனா எழுதறாரு?”

“தூங்கினு கீறியா நைனா?”

“சும்மா இரு நைனா!”

வகுப்பை அடக்கத் தெரியவில்லையென்றால் வேலை நிரந்தரமாகாது. மூன்று நாள் கவனித்தார். எல்லா ரகளைக்கும் காரணம் ஒரே ஆள்தான் என்பது தெளிவாகிவிட்டது. நாலாம் நாள் மேஜையை ஓங்கித் தட்டினார்.

“இங்கே நைனா யாரோ, அவன் மரியாதையா எழுந்து வெளியே போகணும்!”

நாற்பது பேரும் குஷியாக எழுந்து போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த போர்மேன் முனிகிருஷ்ணன், காலி பெஞ்சுகளைப் பார்த்துத் திகைத்தார்.

“இன்னா நைனா, ஒருத்தனையும் காணோம்?”

ராமபத்ரன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாகத் தாமும் வெளியே போனார்.