ஃப்ரெடி காரின் முன்சீட்டு

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் மாலை வெயில் ஃப்ரெடியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்மேல் வழுக்குகிறது. மூன்று கை மாறிய வண்டி. இருப்பதே இரண்டு சீட்டு. ஸ்பீக்கர்கள் திலீப்பின் பழைய ஷேர் ஆட்டோவிலிருந்து சல்லிசாகக் கழற்றியவை. பலநாள் கெஞ்சலுக்குப் பிறகு முதல் சவாரிக்கு வந்து, கதவருகே நிற்கும் கரோலினிடம், "இம்போர்ட்டட் செட்டு" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டுகிறான். கண்ணாடி அதிர்கிறது. அந்த அதிர்வை வைத்தே திலீப் ஆட்டோவை அடையாளம் காணும் மீன்கார மங்கம்மா, போனில் பேசியபடி, தலை நிமிராமலே கதவைத் திறந்து, கூடையோடு முன்சீட்டில் குந்துகிறாள். "இன்னா நைனா, நின்னுகினே கீற? டோல்கேட் வுடு!" கரோலின் குனிந்து கதவைச் சாத்துகிறாள். "நீ இட்டுகினு போ ஃப்ரெடி. நான் அடுத்த வண்டில வரேன்."